சிரிப்புத் தட்டின் மௌனத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர்களின் தட்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். மேடையிலும் வானொலியிலும் பேர் வாங்கியவர்கள் அதையே தட்டிலும் பேசினார்கள், பாடினார்கள் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இந்தக் கணிப்பு தவறு. மேடையில் சொல்லும் வேடிக்கையை ரசிகர் ஒரு தடவை கேட்கிறார். தட்டை வாங்கியவர் ஐம்பது தடவை கேட்கிறார். முடிவு தெரிந்த பிறகும் சிரிப்பு வர வேண்டுமென்றால் சொல்லின் வேகம், இடைவெளி, பின்னால் கேட்கும் ஓசை எல்லாம் அளந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அது ஒரு தனிக் கைவேலை. இன்று இந்தத் தட்டுகளைக் கணினிக்கு மாற்றுபவர்கள் அந்தக் கைவேலையைத் தெரியாமலே அழித்துவிடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 10 அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம் கிடைக்கும். 12 அங்குலத் தட்டில் நாலரை நிமிடம் வரை போகலாம். மேடையில் 12 நிமிடம் நீட்டிய உருப்படியை இதற்குள் அடைக்க முடியாது. 1925க்கு முன்னால் இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்போது மைக் கிடையாது. பாடுபவர் ஒரு புனலின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். முணுமுணுப்பு, பெருமூச்சு, பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பதுபோல் சொல்லும் வரி, இவையெல்லாம் பதிவுக்கான மெழுகுத் தட்டில் பதியவே பதியாது. வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்போ பலமானது, தாளத்தில் விழுவது, புனலைத் தாண்டிப் பதியக்கூடியது. சார்ல்ஸ் பென்ரோஸ் 1922இல் சார்ல்ஸ் ஜாலி என்ற புனைபெயரில் பதிந்த சிரிக்கும் போலீஸ்காரர் பாட்டு அப்படிப் பிறந்தது. அதன் மெட்டு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் 1890களில் பாடிய சிரிப்புப் பாட்டிலிருந்து வந்தது. ஜான்சனின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். பென்ரோஸ் 1926இல் மைக் வைத்து, மின்முறையில் அதே பாட்டை மறுபடி பதிந்தார். அந்தப் பதிவு தலைமுறை தலைமுறையாக ஓடியது. அதற்கு பிபிசியின் சனிக்கிழமைக் காலைச் சிறுவர் விருப்பப் பாடல் நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

மைக் வந்ததும் குரலைத் தாழ்த்திப் பேசலாம் என்றாயிற்று. ஸ்டான்லி ஹாலவே 1930களில் பதிந்த செய்யுள் கதைகள் இந்த வசதியால் உருவானவை. சிங்கத்தின் வாயில் போன சிறுவன் ஆல்பர்ட்டின் கதை அவற்றில் பெரும் புகழ் பெற்றது. எழுதியவர் மாரியட் எட்கர், கதை நடக்கும் இடம் பிளாக்பூல். ஹாலவே அதில் குரலை உயர்த்துவதே இல்லை. வட இங்கிலாந்துப் பேச்சு வழக்கில், விலை விசாரிப்பவர்போல நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பயங்கரம் நடக்கும் வரியிலும் குரல் அதே மட்டத்தில் நிற்கிறது. அதில்தான் சிரிப்பு இருக்கிறது.

ஜார்ஜ் ஃபார்ம்பியின் கதை வேறு. விகானில் 1904இல் பிறந்தவர், 1936இல் ஜன்னல் துடைப்பவர் பாட்டைப் பதிந்தவர். அவர் கையில் இருந்தது பாஞ்சோ யுகுலேலி. யுகுலேலியின் நாலு தந்தி, பாஞ்சோவின் தோல் போர்த்திய வட்ட உடல். மரப்பெட்டி யுகுலேலியைவிட இதன் ஓசை கூர்மையானது, சட்டென்று அடங்கிவிடும். அதனால் வேகமான மீட்டலிலும் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கும். வலக்கை விரலைக் கீழும் மேலுமாக எல்லாத் தந்திகளிலும் இழுத்து, நடுவே முதல் தந்தியையும் நாலாம் தந்தியையும் மட்டும் தனியாகத் தட்டித் தாளத்தைப் பிளப்பது அவருடைய முறை. நாலாம் தந்தி மேல் சுருதியில் கட்டப்பட்டிருப்பதால்தான் அந்தத் தட்டல் எடுத்துக் கேட்கிறது. அதைக் கீழ்ச் சுருதியில் கட்டிவிட்டால் எவ்வளவு பழகினாலும் ஃபார்ம்பியின் ஓசை வராது. தோல் ஈரக்காற்றில் தளர்ந்தாலும் ஓசை மந்தமாகிவிடும். வெவ்வேறு சுருதியில் கட்டிய பல கருவிகளை அவர் தயாராக வைத்திருந்தார். ஒரே விரல் அமைப்பைப் பல சுருதிகளில் வாசிக்க அது வசதி. பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பு வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். இரட்டை அர்த்த வரியைக் கேட்டவர் சிரித்து முடித்து அடுத்த வரிக்குக் காது கொடுக்க அது அவகாசம் தருகிறது. சபை இல்லாத அறையில் பதிந்த தட்டுக்கு அப்படி ஓர் இடைவெளி அவசியம்.

மேடை நகைச்சுவையாளர் மேக்ஸ் மில்லருக்கு இந்த உபாயம் போதவில்லை. அவருடைய தொழிலே சபையோடு பேசுவது. அதனால் 1938இல் லண்டன் ஹால்போர்ன் எம்பயர் அரங்கில், மக்கள் முன்னிலையிலேயே அவரைப் பதிந்தார்கள். அந்தத் தட்டுகளில் சிரிப்பொலி ஒரு கருவிபோல வேலை செய்கிறது.

ஆனால் இந்தக் கைவேலையை முழுமையாக்கியவர் ஒரு நகைச்சுவைக் கலைஞரே அல்ல. ஜார்ஜ் மார்ட்டின் 1950இல் இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து, 1955இல் அதன் பார்லஃபோன் முத்திரையின் (தட்டுகள் வெளிவரும் வணிகப் பெயரின்) பொறுப்பை ஏற்றார். பெரிய பாடகர்கள் மற்ற முத்திரைகளில் இருந்தார்கள். அவர் நடிகர்களிடம் போனார். 1952இலேயே பீட்டர் உஸ்தினோவை வைத்துப் போலி மோட்ஸார்ட் இசை ஒன்றைப் பதிந்திருந்தார். பல குரலையும் உஸ்தினோவே பாட, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிய பதிவு அது. 1958இல் நடிகர் பீட்டர் செல்லர்ஸின் 10 அங்குலத் தட்டும் 1959இல் 12 அங்குலத் தட்டும் வந்தன. முதல் தட்டில் பால்ஹம் என்ற சாதாரணப் புறநகரை உலக அதிசயம்போல் வருணிக்கும் சுற்றுலாப்பட வருணனை இருக்கிறது. எழுதியவர்கள் ஃபிராங்க் மியூரும் டெனிஸ் நார்டனும். வானொலி நிகழ்ச்சியில் ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்குத் தாவுவதை எதிரே அமர்ந்திருக்கும் சபை பார்த்து ரசிக்கும். தட்டில் அது தெரியாது. எனவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மைக்கிலிருந்து தூரமும் அறையின் எதிரொலியும் மாற வேண்டும். ஒரு முழம் தள்ளி நின்றாலே ஆள் வேறு என்று காது நம்பிவிடும். எல்லாப் பாத்திரமும் ஒரே தூரத்தில் நின்றால் எவ்வளவு திறமையான குரல் மாற்றமும் ஒருவர் பேசுவதாகவே கேட்கும்.

1959ஆம் ஆண்டுத் தட்டின் முதல் பாட்டு இந்தத் தொழிலின் நேர்மைக்குச் சான்று. ஃபிராங்க் சினாட்ராவின் பாணியில் ஒரு பாட்டு வேண்டும். செல்லர்ஸ் கேட்டுப் பழகுவதற்காக மேட் மன்ரோ என்ற இளம் பாடகரை மாதிரிக்குப் பாட வைத்தார் மார்ட்டின். மாதிரி அசலைவிடப் பொருத்தமாக அமைந்துவிட்டது. அதையே தட்டில் வைத்து, பாடகர் பெயரை ஃபிரெட் ஃபிளாஞ்ச் என்று போட்டார்கள். நையாண்டி செய்பவர் அசலுக்கு இணையாகப் பாட வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். இசை மோசமாக இருந்தால் கேட்பவர் மோசமான இசையைத்தான் கேட்பார், நையாண்டி காதில் விழாது.

ஒலி பதிந்த காந்த நாடாவான டேப்பை வெட்டும் சவரக் கத்தியின் வேலைக்கு 1962ஐப் பாருங்கள். ஸ்பைக் மில்லிகன், செல்லர்ஸ், ஜோனதன் மில்லர், பீட்டர் குக் நால்வரும் க்வாய் நதிப் பாலத்தைப் பற்றிய திரைப்படத்தை நையாண்டி செய்து ஒரு முழுத் தட்டைப் பேசி முடித்துவிட்டார்கள். படத்தயாரிப்புத் தரப்பு வழக்குப் போடுவதாக எச்சரித்தது. நால்வரையும் மறுபடி கூட்டிப் பேச வைக்காமல், மார்ட்டின் டேப்பில் 'க்வாய்' என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் முதல் 'க்' ஒலியை வெட்டி எறிந்தார். மிஞ்சியது 'வாய்'. அது வேல்ஸிலும் இங்கிலாந்திலும் ஓடும் உண்மையான ஆற்றின் பெயர். இந்த வேலையின் நுட்பத்தை அளவில் சொல்ல வேண்டும். அந்த நாளைய தொழில்முறை டேப் நொடிக்கு 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர் ஓடும். ஒரு 'க்' ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆக வெட்டி எடுப்பது 4 சென்டிமீட்டருக்கும் குறைந்த துண்டு. டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி ஒலி தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறித்து, 45 பாகைச் சாய்வில் வெட்டி ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டப்' என்று கேட்கும். கத்தியில் காந்தம் ஏறியிருந்தாலும் அந்த இடத்தில் சொடுக்கு விழும். அரை சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டினால் 'வா'வின் தலையும் போய்விடும்.

வேகத்தை மாற்றிக் குரலைச் சிறுபிள்ளைக் குரலாக்குவது இன்னொரு உத்தி. நொடிக்கு ஏழரை அங்குலத்தில் பதிந்து 15 அங்குலத்தில் ஓட்டினால் சுருதி ஒரு முழு ஸ்தாயி ஏறும், நேரம் பாதியாகும். பேசுபவர் பாதி வேகத்தில், ஒவ்வொரு மெய்யெழுத்தையும் தெளிவாக உச்சரித்துப் பேசியிருந்தால்தான் முடிவில் சொல் புரியும். வழக்கமான வேகத்தில் பேசியதை இரட்டிப்பாக்கினால் கீச்சொலிதான் மிஞ்சும்.

அதே 1962இல் பெர்னார்ட் கிரிபின்ஸ் பாடிய இரண்டு பாட்டுகளை இந்தக் கலையின் உச்சம் என்பேன். ஒன்று குழி தோண்டுபவனுக்கு யோசனை சொல்ல வந்த கனவானைப் பற்றியது. மற்றொன்று மூன்று பேர் ஒரு பாரமான பொருளைத் தூக்க முயல்வது. இரண்டுக்கும் மெட்டு டெட் டிக்ஸ், வரிகள் மைல்ஸ் ரட்ஜ். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலாவது 9ஆம் இடம், இரண்டாவது 10ஆம் இடம். இரண்டாம் பாட்டில் அந்தப் பொருள் என்னவென்று கடைசிவரை சொல்வதே இல்லை. கதவைக் கழற்றுகிறார்கள், சுவரை இடிக்கிறார்கள், நடுநடுவே தேநீர் குடிக்கிறார்கள். பொருளின் பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு தடவை கேட்டதோடு தீர்ந்துபோயிருக்கும். அந்த ஜூன் மாதத்தில் இதே மார்ட்டினிடம் பீட்டில்ஸ் குழு முதன்முறையாக வந்து நின்றது. அவர்கள் பிற்பாடு கேட்ட பின்னோக்கி ஓடும் டேப், வேகம் மாற்றிய குரல், ஓசைத் துண்டுகள் எதுவும் அவருக்குப் புதிதாக இல்லாததற்குக் காரணம் இந்தச் சிரிப்புத் தட்டுகளில் பெற்ற பயிற்சிதான்.

இந்தத் தட்டுகளை நேசிப்பவர்கள் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1960இல் செல்லர்ஸும் சோஃபியா லோரனும் பாடி 4ஆம் இடம் பிடித்த மருத்துவர்–நோயாளி பாட்டு, ஒரு திரைப்படத்தை விளம்பரப்படுத்த எழுதப்பட்டது. படத்தில் அது இல்லை. இதயத்துடிப்பைத் தாளமாக்கியது அருமையான யோசனை. ஆனால் சிரிப்பின் பாதி, இந்தியர் ஆங்கிலம் பேசும் விதத்தைக் கேலி செய்வதில் நிற்கிறது. பிரிட்டனில் வளர்ந்த இந்தியக் குழந்தைகளைப் பள்ளிக்கூடங்களில் சீண்ட அந்த உச்சரிப்பு ஆயுதமாயிற்று. இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர்களான சஞ்சீவ் பாஸ்கர், மீரா சையல் முதலியோர் 1990களில் தங்கள் பிபிசி நிகழ்ச்சிக்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்துக்கொண்டது அதற்கான பதில். சார்லி டிரேக்கின் 1961ஆம் ஆண்டு பூமராங் பாட்டு ஆஸ்திரேலியப் பழங்குடியினரை இழிவாகக் காட்டுகிறது. அதில் 'முகம் கறுக்கும்வரை' என்று வந்ததை பிபிசி ஏற்காததால் 'நீலமாகும்வரை' என்று மாற்றிப் பதிந்தார்கள். மாறியது ஒரு சொல். குறை அப்படியே இருக்கிறது.

சபை முன் பதிந்த தட்டுகளுக்கு வருகிறேன். மைக்கேல் ஃபிளாண்டர்ஸ், டொனால்ட் ஸ்வான் இருவரின் நிகழ்ச்சியையும், பின்னர் 1961இல் பீட்டர் குக், ஜோனதன் மில்லர், டட்லி மூர், ஆலன் பென்னட் நால்வரின் நிகழ்ச்சியையும் லண்டன் ஃபார்ச்சூன் அரங்கில் பதிந்தார்கள். நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் எதிர்வழியில் போனார். தொலைக்காட்சியில் வந்த இரத்த தானக் கதையை 1961இலேயே 'பை' என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தட்டுக்காக மறுபடி நடித்துப் பதிந்தார். முகபாவத்தில் இருந்த சிரிப்பைக் குரலுக்கு மாற்ற வேண்டியிருந்ததால் அது சரியான முடிவு.

மௌனத்தின் மதிப்பு தெரிய வேண்டுமானால் ஜெரார்ட் ஹாஃப்னுங் 1958 டிசம்பர் 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் விவாத மன்றத்தில் ஆற்றிய உரையைக் கேளுங்கள். டெக்கா முத்திரையில் வந்தது. ஒரு கொத்தனார் எழுதிய கடிதத்தை வாசிக்கிறார்: கப்பி, கயிறு, செங்கல் நிறைந்த பீப்பாய், மேலே இழுக்கப்படும் மனிதன். ஹாஃப்னுங் ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துகிறார். பீப்பாய் இறங்கிவருவதைச் சபை தானே கணக்குப் போட்டுப் பார்க்கிறது. சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி அறை முழுதும் பரவுகிறது. அது அடங்கும் தறுவாயில், முழுதும் அடங்குவதற்குள், அடுத்த வாக்கியம் விழுகிறது. அந்த இடைவெளிகளைச் சுருக்கினால் எஞ்சுவது ஒரு விபத்து அறிக்கை.

சிரிப்பே இல்லாமல் பாடிய சிரிப்பு நடிகர்களும் உண்டு. கென் டாட் 1965இல் பாடிய கண்ணீர்ப் பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. 15 லட்சத்துக்கு மேல் விற்று, அந்தப் பத்தாண்டில் பிரிட்டனில் பீட்டில்ஸின் இரண்டு தட்டுகளுக்கு அடுத்தபடியாக நின்றது. ஹாரி சீகோம்ப் 1967இல் 2ஆம் இடம் வரை போனார். 1970களில் கிளைவ் டன், பென்னி ஹில், பில்லி கானலி, வுர்ஸல்ஸ் குழு என்று முதலிடம் பிடித்தவர்கள் பலர். பென்னி ஹில் பால்காரன் பாட்டைப் பாடியது சொந்த அனுபவத்தில், ஈஸ்ட்லியில் பால் வண்டி ஓட்டியவர் அவர். கானலியும் வுர்ஸல்ஸும் பாடியவை வேறு பாட்டுகளின் மெட்டில் புது வரிகள். அதற்கு அப்போது மூலப் பாட்டின் உரிமையாளர் அனுமதி வேண்டியிருந்தது. நையாண்டிக்கென்று பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு வந்தது 2014 அக்டோபர் 1இல்தான்.

மான்டி பைதான் நகைச்சுவைக் குழுவின் 1973ஆம் ஆண்டுத் தட்டு தனியாகச் சொல்ல வேண்டியது. அதன் ஒரு பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிவரும் இரண்டு சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. ஊசி எந்தப் பள்ளத்தில் இறங்குகிறதோ அந்த நிகழ்ச்சி கேட்கும். நேற்றுக் கேட்டது இன்று இல்லையே என்று வாங்கியவர் திகைப்பார். இரண்டு சுருளுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் வழக்கமான நேரத்தில் பாதிதான் கிடைக்கும்.

இனி, இவற்றைக் கணினிக்கு மாற்றுபவர்களுக்கு. அரக்குத் தட்டை ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் சில துளி மென்மையான சோப்புத் திரவம் போதும், நடுவிலுள்ள காகிதம் நனையக் கூடாது. 78 சுற்றுத் தட்டுக்கு ஊசிமுனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, சுமார் 76 மைக்ரான், இருக்க வேண்டும். நீண்ட நேரத் தட்டுக்கான 18 முதல் 25 மைக்ரான் ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசி இரைச்சலை மட்டும் எடுக்கும். ஒற்றைத் தட (மோனோ) தட்டாக இருந்தால் இடது, வலது ஒலித்தடங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். ஊசி மேலும் கீழுமாக அசைவதால் வரும் இரைச்சல் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

1925க்கு முந்திய தட்டுகள் எல்லாம் 78 சுற்றில் பதிந்தவை அல்ல. பிரிட்டனின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் தட்டுகளில் பல 80 சுற்று. இரண்டு சுற்றுக் குறைவு சுருதியில் பெரிதாகத் தெரியாது, ஆனால் வேடிக்கைப் பேச்சு லேசாகத் தூங்கி வழியும். 1950களின் நடுவில் பொதுவான ஆர்ஐஏஏ ஒலிச் சமன்பாட்டில் (பதியும்போது கூட்டிக் குறைத்த ஒலிகளை ஓட்டும்போது நேராக்கும் முறை) பழைய 78 தட்டை ஓட்டினால் மேல் சுருதி ஒலிகள் தேவையில்லாமல் அமுங்கும். பேச்சில் 'ஸ', 'ட', 'த' ஒலிகள் மங்கும். வேடிக்கையின் கடைசிச் சொல் இந்த ஒலிகளில் நின்றால் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். பழைய தட்டுக்கு உரிய சமன்பாட்டை மென்பொருளில் தேர்ந்தெடுங்கள்.

மிகப் பெரிய சேதம் கடைசிப் படியில் நடக்கிறது. கீறல் நீக்கும் தானியங்கி மென்பொருளுக்குக் கைத்தட்டலும் கீறலும் ஒன்றுபோலத் தெரியும். ஃபார்ம்பியின் தந்தித் தட்டலையும் அது கீறல் என்று எண்ணி மழுக்கிவிடும். கீறல்களைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாக எடுங்கள். 3 நிமிடப் பக்கத்துக்கு ஒரு மணி நேரமானாலும் பரவாயில்லை. பேச்சு இல்லாத இடங்களை முழு நிசப்தமாக்கும் வசதியைத் தொடவே தொடாதீர்கள். அரங்கின் மூச்சு திடீரென்று அறுந்து மறுபடி தொடங்குவது எந்த இரைச்சலையும்விடக் கொடுமை. இடைவெளிகளைத் தானாகச் சுருக்கும் வசதிக்கும் இதேதான். இரண்டு பக்கமாக வந்த 78 தட்டு உருப்படியை ஒட்டி ஒன்றாக்க வேண்டாம். பக்கம் முடியும் இடத்தை எண்ணித்தான் எழுதியிருக்கிறார்கள். பைதான் தட்டின் முதல் பதிப்பாக இருந்தால் ஊசியைப் பல இடங்களில் இறக்கிப் பார்த்து இரண்டு சுருளையும் எடுத்தீர்களா என்று சரிபாருங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய தட்டுகளைப் பற்றி எழுதும்போது முத்திரை, ஆண்டு, வேகம் மூன்றையும் போடுங்கள். சிரித்தவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் பதிவுக்கூடத்தில் பொறுப்பில் இருந்தவர் பெயரையும் அச்சிடுங்கள். எழுதியவர் பெயர் பெரும்பாலும் தட்டின் நடுவிலேயே, பாட்டின் தலைப்புக்குக் கீழே இருக்கும். தயாரிப்பாளர் பெயர் பழைய தட்டுகளில் பெரும்பாலும் இராது, தேடித்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்